நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

எங்கள் வாசகசாலையில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பி ராஜமாணிக்கம் சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். பெண்களும் இனித் தங்கள் சொந்தப் பெயரில் அங்கத்தினராகலாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். அதற்கு விதி எழுத வேண்டுமாம்.

"பெண்டுகளுக்கு எந்தப் புத்தகம் குடுக்கலாம், எது கூடாதுன்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுங்கண்ணே. முக்கியமா இந்தக் காதல் நாவல்கள். இருபத்தாறு வருசம் இருந்தவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவருக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு தடவை முயன்றேன். அதில் குழம்பியவன் இன்னும் தெளியவில்லை. பட்டியலுக்குப் பதில் அந்தக் கதையை எழுதித் தருகிறேன். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்து, காஜாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் இரண்டு வருஷம் கூலியாட்களின் பேர் பதிந்தேன். பிறகு பட்டணத்தில் ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தேன். ரயில்வேயில் வேலை பார்க்கும் தமிழர்கள் சேர்ந்து அப்போதுதான் வாசகசாலை தொடங்கியிருந்தார்கள். மரவீடு, தகரக் கூரை, நான்கு அலமாரி. மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது. கையெழுத்து நன்றாக இருந்ததால் என்னை எடுத்தார்கள். புத்தகம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியவைத்தவர் செயலாளர் தம்பிராசர்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வே ஆபீசில் பெரிய கிளார்க். வேலை முடிந்து தினமும் ஐந்தே காலுக்கு வருவார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அன்று திரும்பி வந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பார். முதலில் அட்டை. அப்புறம் முதுகுத் தையல். அப்புறம் வலது கட்டைவிரலால் பக்கங்களை விசிறிப் பார்ப்பார். கடைசியில் புத்தகத்தை முகர்வார். இங்கே காற்றில் ஈரம் அதிகம். பூசணத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே மூக்கால் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பூசணம் மணத்தால் வெயிலில் விரிக்க வேண்டும். பூச்சி கண்டால் மயில்துத்தம் கலந்த பசையில் புது அட்டை ஒட்ட வேண்டும். எல்லாம் எனக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

பழகாதது அவர் விசாரிக்கும் முறை. அவர் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தவறு நடந்தால் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார். மூன்று தரமும் அதே சொற்கள், அதே குரல். நடுவில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதுதான் தாங்க முடியாது. மூன்றாவது தரத்தில் எவனும் உண்மையைச் சொல்லிவிடுவான். ஒரு தடவை மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டு, காற்று என்று சொன்னேன். இரண்டாவது தரத்திலேயே ஒப்புக்கொண்டேன்.

இனி ஞானம்மாள்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் கடைசி வரிசையில் அவர்கள் வீடு. புருஷன் சூசை, ரயில் எஞ்சின் அடுப்புக்குக் கரி போடும் ஃபயர்மேன். ஆறு பெற்று ஐந்து இருந்தன, ஐந்தாவது கைக்குழந்தை. வீட்டுக்குப் பின்னால் தொழுவத்தில் இரண்டு பசு. விடியுமுன் கறந்து, கிளார்க்குகள் இருக்கும் தெருவுக்கெல்லாம் பால் ஊற்றிவிட்டு, திரும்பிப் போய்ச் சமைத்து, பிள்ளைகளை மிஷன் பள்ளிக்கு அனுப்பி, துவைத்து, புல் அறுத்து, மறுபடி கறந்து... இதற்கு நடுவில் அந்த அம்மாள் வாரத்துக்கு இரண்டு நாவல் படித்தாள். ஊரில் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவளாம்.

"எப்பம்மா படிக்கிறே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தண்ணிக் குழாயில வரிசை நிக்கும்ல அண்ணே, அப்ப ரெண்டு பக்கம். சோறு கொதிக்கிற வரைக்கும் நாலு பக்கம். ஏணைய ஒரு காலால ஆட்டிக்கிட்டே எட்டுப் பக்கம். புள்ள தூங்கிட்டாக்கூட ஆட்டிக்கிட்டு இருப்பேன், கதை விட்டுருமேன்னு" என்று சொல்லிச் சிரித்தாள்.

பெண்களுக்கு அப்போது அங்கத்தினர் அட்டை கிடையாது. சூசை பெயரில்தான் அட்டை. சூசைக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். பேரேட்டைப் பார்த்தால் பிரிக்ஃபீல்ட்ஸில் மிக அதிகமாகக் காதல் நாவல் படித்தவர் ஃபயர்மேன் சூசை. பெண்கள் உள்ளே வரவும் கூடாது. பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது ஞானம்மாள் வாசல் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, காலிப் பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் சுற்றிய புத்தகத்தை எடுத்து நீட்டுவாள். அதில் பால் வாசனை இருக்கும். தம்பிராசர் முகர்ந்ததும், "சூசையின்ரை புத்தகம்" என்பார்.

நாவல்களைப் பற்றி அவளுக்கு அபிப்பிராயம் இல்லாமல் போனதில்லை. "இந்தப் பொண்ணு சரியான அசடு அண்ணே. ஒரு கடுதாசிய நம்பி ஓடிருச்சு." "இவன் நல்லவன்னு முதல்லயே எனக்குத் தெரியும். கெட்டவனா இருந்தா இவ்வளவு நேரம் அவ அப்பன்கிட்ட திட்டு வாங்குவானா?" நான் தலையாட்டுவேன். நான் எந்த நாவலையும் படித்ததில்லை. எண் போடுவேன், முத்திரை குத்துவேன், அட்டை போடுவேன். கதை என்றால் பொழுதுபோகாதவர்கள் சமாசாரம் என்பது என் எண்ணம். பொழுதே இல்லாத ஒருத்திக்கு அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் புரியவே இல்லை.

அந்த வருஷம் 'செண்பகவடிவு' என்று ஒரு நாவலின் முதல் பாகம் வந்திருந்தது. அதற்குக் கிராக்கி அதிகம். ஞானம்மாள் மூன்று வாரம் காத்திருந்து வாங்கிப் போனாள். ஆறாம் நாள் மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்தாள். வழக்கம்போல் அவள் எதிரிலேயே பக்கங்களைத் தள்ளிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டுக்கு அப்புறம் நூற்றுப் பதினைந்து. நடுவில் ஒரு தாள் இல்லை. தையலோரம் ஒரு விரல் அகலம் மட்டும் நின்றது. யாரோ நிதானமாக, நேராகக் கிழித்திருந்தார்கள்.

"அம்மா, இது என்ன?"

அவள் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நேத்துப் படிக்கையில இருந்துச்சே அண்ணே! மாதா சத்தியமா நான் கிழிக்கல. என் சேலையக் கிழிச்சாலும் கிழிப்பேன், இதக் கிழிப்பேனா?"

ஐந்தே காலுக்குத் தம்பிராசர் வந்தார். அவளையும் வரச் சொல்லியிருந்தேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் எங்கை போனது?"

"தெரியாதுங்கய்யா."

சும்மா இருந்தார். வெளியே ஒரு ரயில் ஸ்டேஷனுக்குள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"இந்தப் பக்கம் எங்கை போனது?"

"தெரியாதுங்கய்யா. வீட்டுல புள்ளைங்க இருக்கு. கேட்டுப் பார்க்கிறேன்."

மறுபடி சும்மா இருந்தார். குழந்தை அவள் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது.

"இந்தப் பக்கம் எங்கை போனது?"

"தெரியாது" என்றாள் மூன்றாவது தரமும். மூன்றாவது தரத்தில் அதே பதிலை அவரிடம் சொன்ன ஆளை அன்றுதான் நான் பார்த்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "சிங்காரம், விசாரணை முடியுமட்டும் சூசையின்ரை அட்டையை நிறுத்தி வையும்." அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். போன பிறகு அவர் என்னிடம், "அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை. அதுதான் எனக்கு விளங்கேல்லை" என்றார். அவருக்கு விளங்காதது ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்குப் போனவள், இரண்டாவது மகள் செலினா முன்பு பள்ளிக்கூடத் தாளில் கப்பல் விட்டதை நினைத்து, அவள்தான் கிழித்திருக்க வேண்டும் என்று புல்லுக் கூடையின் பிரம்பால் அடித்துவிட்டாள். அந்தப் பெண் "நான் இல்லம்மா" என்று கத்தியது மூன்று வீடு வரை கேட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர் பேப்பர் படிக்க வந்தபோது சொன்னார்.

நான்காம் நாள் காலை. வாசகசாலையில் யாரும் இல்லை. சூசை வந்தான். உயரமான ஆள், கரியும் எண்ணெயும் ஏறிய கை. அந்த வாசற்படியில் அதுவரை அவனை நான் பார்த்ததில்லை. வடக்கே பிறை ஸ்டேஷன் வரை வண்டியில் போய்விட்டு அப்போதுதான் இறங்கியிருந்தான், வீட்டுக்குக்கூடப் போகவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா?"

விரித்துப் பார்த்தேன். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்.

"சூசை! இது உனக்கு எப்படி..."

"மொதல்ல படிங்கண்ணே. அப்புறம் சொல்றேன்."

படித்தேன். கதாநாயகன் பூந்தோட்டத்தில் நிற்கிறான். கதாநாயகி வருகிறாள். அவள் கண்ணைப் பார்த்துக் கெண்டை மீனோ, கருங்குவளையோ என்று அரைப் பக்கம் சந்தேகப்படுகிறான். மறுபக்கத்தில் அவள் தலைகுனிந்து கால்விரலால் தரையைக் கீறுகிறாள். அப்போது வாசலில் குதிரைவண்டிச் சத்தம். அவ்வளவுதான்.

சூசை இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"யாரும் சாகலையா?"

"இல்லையே."

"இதுல அழ என்னண்ணே இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

புத்தகம் திரும்பி வந்த அன்று அவனுக்குப் பிற்பகலில்தான் வண்டி. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டுப் பின்சந்து வழியாக வந்திருக்கிறான். தொழுவத்தில் கல்மேல் ஞானம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம் விரிந்திருந்தது. குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் தாடை வழியாக இறங்கிக் கழுத்தில் ஓடியது, அவள் துடைக்கவில்லை. அவன் கொய்யா மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டான். கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தீவனப் பெட்டிமேல் விரித்தபடி கவிழ்த்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"அவ அழுது நான் பார்த்ததே இல்லண்ணே. எங்க மூணாவது பொண்ணு லூர்து, நாலு வயசுல காய்ச்சல்ல போயிருச்சே, ஒங்களுக்குத் தெரியும். அன்னைக்கும் அழல. கல்லறையிலேருந்து வந்தா, சேலைய மாத்துனா, மாடு கறக்கப் போயிட்டா. ஊரே பேசுச்சு, கல்நெஞ்சுக்காரின்னு. நானும்... நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். அப்பேர்ப்பட்டவ ஒரு புத்தகத்தப் பார்த்து அழுவுறா. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல? அவளப் பத்தி எவனாச்சும் எழுதியிருக்கானா? என்னப் பத்தி எழுதியிருக்கானா?"

"அதுக்குக் கிழிக்கணுமா? அவகிட்டயே கேட்டிருக்கலாமே?"

அவன் வேகமாகத் தலையசைத்தான். "அவ அழுவுறத நான் பார்த்தேன்னு தெரிஞ்சா, அப்புறம் அழவே மாட்டாண்ணே."

புத்தகத்தை எடுத்துவந்தால் தேடுவாள், ஒரு தாள் போனால் தெரியாது என்று நினைத்தானாம். படிக்கத் தெரியாத ஆளுக்கு அப்படித்தான் தோன்றும். எஞ்சினில் கூட இருப்பவர்களிடம் காட்ட வெட்கப்பட்டு நான்கு நாளாகப் பையிலேயே வைத்திருந்திருக்கிறான்.

நான் அட்டை நிறுத்தப்பட்டதையும் செலினா அடி வாங்கியதையும் சொன்னேன். அவன் எழுந்துவிட்டான். "அய்யோ, என் புள்ளைய அடிச்சாளா?" என்றான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, "நான்தான் கிழிச்சேன்னு வீட்டுல சொல்லிர்றேன். பொகையில மடிக்கக் கிழிச்சேன்னு சொல்றேன். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது" என்று என் கையைப் பிடித்தான். சரி என்றேன். என் கையிலும் கரி ஒட்டிக்கொண்டது.

அன்று ஐந்தே காலுக்கு அவனே தம்பிராசர் முன்னால் வந்து நின்றான். தாளை மேசைமேல் வைத்தான். புகையிலை மடிக்கக் கிழித்ததாகச் சொன்னான். தம்பிராசர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். மடிப்பை விரலால் தடவினார்.

"புகையிலை மடிக்கவோ கிழிச்சனீர்?"

"ஆமாங்கய்யா."

அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாளில் எண்ணெய் வாசனை இருந்தது, கரி வாசனை இருந்தது, புகையிலை வாசனை துளியும் இல்லை. நான்கு நாள் பத்திரமாக வைத்திருந்த மடிப்பு அது.

"புகையிலை மடிக்கவோ கிழிச்சனீர்?"

பிறை வரை எஞ்சின் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வந்த ஆள், அந்த மேசை முன்னால் வியர்த்து நின்றான். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் ஒரு அடி முன்னால் வைத்து, "ஐயா, வேண்டாமே" என்றேன். செயலாளர் விசாரிக்கும்போது நான் குறுக்கே பேசியது அந்த ஒரு தடவைதான்.

தம்பிராசர் என்னை வெகுநேரம் பார்த்தார். மூன்றாவது தரம் கேட்கவில்லை. பேரேட்டை இழுத்து, 'பக்கம் கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "தாளை ஒட்டிவிடும். அட்டையைக் குடுத்துவிடும்" என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு வழக்கத்துக்கு முன்னாலேயே போய்விட்டார். அவர் ஏன் விட்டார் என்று அப்போதும் தெரியவில்லை. பிறகு பல வருஷம் கூட இருந்தும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டில் ஞானம்மாள் சூசையிடம் மூன்று நாள் பேசவில்லையாம். "சோறு போடுறா, பேச்சு போடல" என்றான். செலினாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு தலைவாரி விட்டாளாம்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த ஓய்வு நாளில் சூசை மறுபடி வந்தான்.

"அண்ணே, நடுவுல ஒரு தாளப் படிச்சா எப்படிப் புரியும்? மொதல்லேருந்து கேட்டாத்தானே, ஏன் அழுதான்னு தெரியும்?"

வாசகசாலைக்குப் பின்னால் அட்டை போடும் சிறு அறை ஒன்று இருந்தது. அங்கே பசைச் சட்டிக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் உட்கார்ந்து, முன்னால் பேப்பர் படிப்பவர்களுக்குக் கேட்காத குரலில் 'செண்பகவடிவு' முதல் பாகத்தை அவனுக்குப் படித்தேன். ஓய்வு நாள் வரும்போதெல்லாம் வருவான். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் அடிக்கடி, "அழுவுற எடம் வந்துருச்சா?" என்பான். கொஞ்ச நாளில் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. "அந்தக் கணக்கப்பிள்ளைய நம்பாதன்னு யாராச்சும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்கண்ணே" என்று என்னிடம் கெஞ்ச ஆரம்பித்துவிட்டான். நானும், அவன் வராத நாளில் மேற்கொண்டு படிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டேன். வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் படித்த நாவல் அதுதான், அதுவும் இன்னொருவனுக்காக.

ஒட்டிய பக்கத்துக்கு வந்தோம். நிதானமாகப் படித்தேன். கெண்டை மீன், கருங்குவளை, கால்விரல், குதிரைவண்டி. எதிர்ப்பக்கம் நூற்றுப் பன்னிரண்டையும் இரண்டு தரம் படித்தேன், ஒருவேளை அதைப் பார்த்து அழுதிருப்பாளோ என்று. அதில் ஒரு கல்யாண விருந்து, என்னென்ன பலகாரம் என்று எழுதியிருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்னால முடியலண்ணே. நான் மடையன். உங்களுக்குப் புரியுதா?"

"எனக்கும் புரியல, சூசை."

அந்தச் சமயத்தில் இரண்டாம் பாகம் கப்பலில் வந்துவிட்டதாகச் சீட்டு வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு ரயிலில் போய், அங்கே சரக்குக் கிட்டங்கியில் பெட்டியைத் திறந்து, பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கடல்தண்ணீர் பட்ட மூன்று புத்தகத்தைத் தனியே குறித்துக் கையெழுத்து வாங்கி, கிள்ளான் வழியாகப் பெட்டியோடு திரும்பி வந்தேன். வண்டியில் பெட்டிமேல் உட்கார்ந்து, செண்பகவடிவுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கலாமா என்று இரண்டு தடவை கயிற்றைத் தொட்டேன். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே ஞானம்மாள் வந்து பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டாம் பாகம் வந்துருச்சாமே அண்ணே!"

"எண் போடணும், அட்டை போடணும். ரெண்டு மூணு நாள் ஆகும்."

"அதுவரைக்கும் மொதப் பாகத்தக் குடுங்க. மறந்து போச்சு, ஒரு தடவ பார்த்துக்கிறேன்."

எடுத்துக் கொடுத்தேன். அவள் புரட்டி, ஒட்டிய தாளைக் கண்டு நின்றாள். "நல்லா ஒட்டியிருக்கீங்க. பொகையிலைக்கு வேற தாளே கெடைக்கல பாருங்க அந்த மனுசனுக்கு" என்றாள்.

நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் ஒரு மாதமாக மனத்தில் கிடந்தது வாயில் வந்துவிட்டது. "அம்மா, இந்தப் பக்கம் ரொம்ப உருக்கமோ? படிச்சா அழுகை வருமோ?"

அவள் குனிந்து அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்கா? கெண்டை மீனுக்கா அழுவாங்க?" பிறகு அவள் சிரிப்பு மெல்ல நின்றது. "ஏன் கேக்குறீங்க? யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லம்மா. யாரும் சொல்லல" என்றேன். பொய்.

அவள் தெருவைப் பார்த்தாள். யாரும் இல்லை. "அன்னைக்குக் கதை முந்தின நாளே முடிஞ்சிருச்சுண்ணே. கன்னுக்குட்டிய ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. தாய்மாடு காலையிலேருந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. எனக்கு லூர்து நெனப்பு வந்துருச்சு. சும்மா உக்காந்தா, ஏன் உக்காந்திருக்கே, ஏன் ஒரு மாதிரி இருக்கேன்னு ஆளாளுக்கு வருவாங்க. புத்தகம் விரிஞ்சிருந்தா, கதை படிக்கிறான்னு விட்டுருவாங்க. அதுக்காக ஏதோ ஒரு பக்கத்தத் தொறந்து வச்சேன். எந்தப் பக்கம்னுகூடப் பார்க்கல."

நான் பேனாவை மைப்புட்டியில் வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

"அவருகிட்ட சொல்லிறாதீங்கண்ணே. அந்தப் புள்ள மேல அவருக்கு உசுரு. நான் அழுதேன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு. அதுக்குத்தான் அன்னைக்கும் அழல, இத்தனை வருசமும் அழல."

பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மூன்று நாளும் நான் வேலையே பார்க்கவில்லை என்று சொல்லலாம். அட்டை போட்ட புத்தகத்துக்கே மறுபடி அட்டை போட்டேன். அவன் சொல்லாதே என்றான், இவள் சொல்லாதே என்றாள். இருவரும் சொல்லாதே என்றது ஒரே விஷயம். சொன்னால் வாக்குத் தவறியவன். சொல்லாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்ற எண்ணத்தோடு ஒருவன் அந்த வீட்டில் காலம் தள்ளுவான். ஒருத்தி மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்து அழுவாள். புத்தகம் கொடுத்து வாங்குவதற்கு வேலைக்கு வந்தவன் நான். எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. யாரிடம் யோசனை கேட்பது? தம்பிராசரிடம் கேட்கலாம் என்று ஒரு நாள் மேசை வரை போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "பசை தீர்ந்துவிட்டது ஐயா" என்று சொல்லித் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சூசை வந்தான். இரண்டாம் பாகம் மேசைமேல் இருந்தது, முத்திரை காய்ந்திருந்தது. அவன் ஆவலாகப் பின்னறைப் பக்கம் போனான்.

"சூசை, எனக்குக் கண் வலிக்குது. இனிப் படிக்க முடியாது" என்றேன்.

அவன் முகம் விழுந்தது. "அப்ப செண்பகவடிவு?"

"இத வீட்டுக்குக் கொண்டு போ. ஞானம்மா படிப்பா, நீ கேளு."

"என்னண்ணே! நான் கதை கேட்டுக்கிட்டு இருந்தேன்னு தெரிஞ்சா, ஏன்னு கேப்பாளே?"

"கேட்டா கேக்கட்டும்."

"என்ன சொல்றது?"

"எனக்குத் தெரியாது, சூசை. உன் பேருல பதிஞ்சாச்சு. எடுத்துக்கிட்டுப் போ."

கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கினான். குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பும் முனையில் நின்று ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தான். சரியாகச் செய்தேனா, ஒரு குடும்பத்தைக் கெடுத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் ஞானம்மாள் வரவில்லை. பால் ஊற்ற மூத்த மகள்தான் வந்தாள். பத்தாம் நாள் காலை ஞானம்மாளே வந்தாள். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. முந்தானையிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. பாதிப் புத்தகத்துக்கு மேல் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அச்சகத்திலிருந்து வந்தது போலவே இருந்தன. யாரும் பிரிக்கவில்லை.

"என்னம்மா, முடிக்கலையா? ஒரு மாசத்துக்கு மேல காத்துக்கிட்டு இருந்தியே!"

"நாலு அத்தியாயம் படிச்சோம்ணே. அப்புறம் நிறுத்திட்டோம்."

"ஏன், கதை நல்லா இல்லையா?"

"கதை நல்லாத்தான் இருந்துச்சு." அவள் மேசை விளிம்பை விரலால் தேய்த்தாள். "பேச்சு வேற பக்கம் போயிருச்சு. அவரும் பேசுனாரு, நானும் பேசுனேன். ரொம்ப நாளா பேசாததெல்லாம் இருந்துச்சு. நேத்து ரெண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்தோம். புல்லு மண்டிக் கெடந்துச்சு. நான்தான் அறுத்தேன், அவரு சிலுவைக்குச் சாயம் அடிச்சாரு."

நான் பேரேட்டில் தேதி எழுதினேன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று. நானும் சொல்லவில்லை.

"இந்தா, இன்னும் நாலு நாள் தவணை இருக்கு. கொண்டுபோய் முடி" என்று புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

"வேணாம்ணே. அத எப்ப எடுத்தாலும் அதே எடத்துலதான் நிப்போம்னு தோணுது. வேற ஒண்ணு குடுங்க, புதுசா. நல்ல காதல் கதையா இருக்கணும்."

எழுந்து அலமாரிக்குப் போனேன். மூன்று வரிசை காதல் நாவல். எல்லாவற்றுக்கும் எண் போட்டவன் நான், அட்டை போட்டவன் நான். எதை எடுப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"சீக்கிரம்ணே, சோறு வச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள் வாசலிலிருந்து.

கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவள் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டே தெருவில் நடந்தாள். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன்தான் ஒதுங்கிப் போனான்.